பல் எக்ஸ்ரே: கொங்குப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்துப் பல் கிளினிக்குகளில் நாற்காலியில் உட்கார்ந்தவர்களும், கூட வந்தவர்களும் எக்ஸ்ரே பற்றிக் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்கிற பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் நீங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தப் படத்தைப் பார்த்து என்ன முடிவெடுப்பீங்க?" பதில் தெளிவாக வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள்.

டாக்டர் கண்ணாடி வெச்சுப் பார்த்தாலே சொத்தை தெரியாதுங்களா? எக்ஸ்ரே எதுக்குங்க?

மேலே குழி விழுந்த சொத்தை கண்ணுக்குத் தெரியும். இரண்டு கடவாய்ப் பற்கள் ஒட்டி நிற்கும் இடுக்கில் இருப்பது, பல்மேல் மாட்டிய பழைய கேப்புக்கு (உறைக்கு) அடியில் இருப்பது, வேர் நுனியில் கட்டிய சீழ், ஈறுக்குக் கீழே இறங்கிப்போன எலும்பு, முளைக்காமல் படுத்துக் கிடக்கும் ஞானப்பல் ஆகியவை தெரியாது. அவற்றுக்குத்தான் படம்.

படத்துக்கும் எல்லை உண்டு. பல்லின் தாது கிட்டத்தட்ட 30 முதல் 40 சதவீதம் கரைந்த பிறகே சொத்தை படத்தில் கறுப்பாக விழும். நரம்பில் வீக்கம் தொடங்கி ராத்திரி தூங்க விடாமல் வலிக்கும்போதுகூட எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். ஏனென்றால் வேர் நுனி எலும்பு இன்னும் கரையத் தொடங்கியிருக்காது. மெல்லிய விரிசலும் பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் டாக்டர் கருவியின் பிடியால் பல்லைத் தட்டுகிறார், பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்து வைத்துப் பார்க்கிறார். "படத்துல ஒண்ணுமில்லை, அதனால வலி பொய்" என்று எந்த டாக்டராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

ஆர்.வி.ஜி., ஓ.பி.ஜி., சி.பி.சி.டி.ன்னு மூணு சொல்றாங்க. என்ன வித்தியாசமுங்க?

ஆர்.வி.ஜி. என்பது வாய்க்குள் சென்சார் வைத்து இரண்டு மூன்று பற்களை வேர் நுனி வரை எடுக்கும் சின்னப் படம். பிலிமில் எடுத்த காலத்தில் இதையே ஐ.ஓ.பி.ஏ. என்றார்கள். சீட்டில் இப்போதும் அப்படி எழுதுபவர்கள் உண்டு. பல்லைக் கடிக்கவைத்து மேல், கீழ் இரண்டு வரிசையின் இடுக்குகளையும் ஒரே படத்தில் எடுத்தால் அது பைட்விங். இடுக்குச் சொத்தைக்கு அதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. இங்கே கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

ஓ.பி.ஜி. உங்களை நிற்கவைத்து, மெஷின் தலையைச் சுற்றிவந்து இரண்டு தாடையையும் ஒரே அகலப் படமாகத் தரும். ஞானப்பல், தாடை முறிவு, கம்பி போடுமுன் மொத்தப் பற்களின் நிலை ஆகியவற்றுக்கு அது வேண்டும். இடுக்குச் சொத்தையை அதில் துல்லியமாகப் பார்க்க முடியாது. சி.பி.சி.டி. முப்பரிமாணப் படம், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம். செலவும் இதே வரிசையில் ஏறும்: ஆர்.வி.ஜி. சில நூறு ரூபாய், சி.பி.சி.டி. ஆயிரங்களில்.

கதிர்வீச்சு உடம்புக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?

அளவைப் பொறுத்தது. மண், பாறை, காற்று, சாப்பாடு, வானம் எல்லாவற்றிலிருந்தும் உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இயற்கையாகவே கிடைக்கிறது. நாள் கணக்கில் அது 6 முதல் 7 மைக்ரோசீவர்ட் (ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி). ஒரு டிஜிட்டல் ஆர்.வி.ஜி. படம் பெரும்பாலும் 5 மைக்ரோசீவர்ட்டுக்குள் அடங்கும், அதாவது ஒரு நாள் இயற்கை அளவுக்குள். ஓ.பி.ஜி. பொதுவாக 10 முதல் 25, இரண்டு நாளிலிருந்து நான்கு நாள் கணக்கு. சி.பி.சி.டி.யில் எடுக்கும் பரப்பைப் பொறுத்துப் பத்துகளிலிருந்து நூறுகள் வரை போகும்.

ரான்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே, 1896 தொடக்கத்தில், ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் தன் பல்லையே படமெடுத்தார். அதற்கு 25 நிமிடம் கதிர் பாய்ச்ச வேண்டியிருந்தது. இன்று 60 முதல் 70 கிலோவோல்ட்டில் வினாடியில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு போதும். பிலிமுக்குப் பதில் சென்சார் வைக்கும் ஆர்.வி.ஜி. முறையை பிரான்சின் பிரான்சிஸ் மூயென் 1987இல் கொண்டுவந்தார்.

பழைய மெது பிலிமோடு ஒப்பிட்டால் டிஜிட்டலில் கதிர் வெகுவாகக் குறையும், வேகமான புதுப் பிலிமோடு ஒப்பிட்டால் அவ்வளவு குறையாது. நொடியில் படம் வந்துவிடுவதால் "இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்ற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. சேமித்த கதிரெல்லாம் அந்த இன்னொன்றில் போய்விடும். பிளேட்டை ஸ்கேனரில் போட்டுப் படிக்கும் பி.எஸ்.பி. முறையில் இன்னொரு சங்கடம்: தேவைக்கு மேல் கதிர் பாய்ச்சினாலும் மென்பொருள் சரிசெய்து நல்ல படமாகவே காட்டிவிடும். மெஷினில் நேரம் கூடிப்போயிருப்பதை யாரும் கவனிக்காமலே மாதங்கள் போகும்.

கதிரைக் குறைக்க வேறொரு எளிய வழி உண்டு. மெஷின் குழாயின் முனை வட்டமாக இருந்தால் சென்சாரைத் தாண்டிக் கன்னத்திலும் கதிர் விழுகிறது. செவ்வக முனை மாட்டினால் பாதிக்கு மேல் குறையும். நம் பக்கம் இதை மாட்டியிருக்கும் கிளினிக்குகள் குறைவு. படம் ஓரம் வெட்டுப்படுமோ என்ற பயமே காரணம். சென்சாரைத் தாங்கும் ஹோல்டர் சரியாகப் பிடித்தால் வெட்டுப்படாது.

ஈய ஏப்ரன் போடலைன்னா எடுக்கவே கூடாதுங்களா?

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024இல், பல் எக்ஸ்ரேக்கு ஏப்ரனும் தைராய்டு காலரும் வழக்கமாகத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது. முனையைச் சுருக்கி, சரியான இடத்தில் வைத்து எடுத்தால் வயிற்றுப் பக்கம் போகும் கதிர் சொற்பம் என்பது அதன் காரணம். இங்கே ஏப்ரன் போடும் வழக்கம் தொடர்கிறது. ஆர்.வி.ஜி.க்குப் போட்டுக்கொள்வதில் கெடுதல் இல்லை. ஓ.பி.ஜி.யில் மட்டும் கழுத்துக் காலர் போடக் கூடாது. கதிர் பின்கழுத்து வழியாக வருவதால் காலர் குறுக்கே விழுந்து படத்தின் நடுவே வெள்ளைத் திட்டாகும், திரும்ப எடுக்க நேரும்.

முழுகாம இருக்கறப்ப எடுக்கலாமுங்களா? பால் குடுக்கறப்ப?

வலி, வீக்கம், சீழ் என்றால் எடுக்கலாம். கதிர் பல்லை நோக்கிப் போகிறது, கருவுக்குச் சேரும் அளவு மிக மிகச் சிறியது. சிகிச்சையில்லாத சீழ்தான் தாய்க்கு ஆபத்து. வழக்கமான சோதனைப் படங்களைப் பிரசவத்துக்குப் பின் தள்ளிப்போடலாம். கருவுற்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பால் கொடுப்பவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. எக்ஸ்ரே உடம்பில் தங்குவதில்லை.

சென்சாரை வெச்சதும் ஓங்கரிப்பு வருதுங்க. என்ன பண்றது?

பலருக்கும் வரும். மேல் கடவாய்ப் பல்லில்தான் அதிகம், சென்சாரின் பின்விளிம்பு அண்ணத்தின் மென்மையான பகுதியைத் தொட்டுவிடும். முன்பல்லில் தொடங்கிப் பின்னோக்கிப் போகச் சொல்லுங்கள். வாயால் மூச்சு விடாமல் மூக்கால் மெதுவாக இழுத்து விடுங்கள். ஒரு காலை நாற்காலியிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் கவனம் அங்கே போகும், நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாலும் பலருக்கு அடங்குகிறது. அதற்கும் அடங்காவிட்டால் மரத்துப்போகும் ஸ்பிரே உண்டு. மெஷினில் நேரம், கோணம் எல்லாவற்றையும் முதலில் சரிசெய்துவிட்டுக் கடைசியாகச் சென்சாரை வைப்பவர்தான் கைதேர்ந்தவர். வைத்துவிட்டு மெஷினைத் தேடுகிறவரிடம் யாருக்கும் ஓங்கரிப்பு வரும்.

கீழ்ப்பல்லில் சென்சார் குத்தினால் வாயை இன்னும் அகலமாகத் திறக்காதீர்கள். அகலத் திறக்கும்போது நாக்குக்கு அடியில் உள்ள தசை இறுகி மேலே எழும்பும். மெதுவாக மூடிக்கொண்டே வந்தால் தசை தளரும், சென்சார் தானே கீழே இறங்கும். வயரை மட்டும் கடிக்க வேண்டாம். சென்சார்கள் கெடுவதே பெரும்பாலும் வயர் கடிபட்டு, அல்லது மடங்கித்தான்.

பாக்கு, ஹான்ஸ் போட்டுப் போட்டு வாயே தொறக்க மாட்டேங்குதுங்க. எக்ஸ்ரே எப்படி எடுக்கறது?

இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காவிட்டால் சென்சார் உள்ளே போகாது, ஓ.பி.ஜி.தான் எடுக்க முடியும். ஆனால் அவசரம் பல்லில் இல்லை. கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார்நாராக இறுகுவது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம். எந்த எக்ஸ்ரேயிலும் அது தெரியாது. பாக்கை அன்றே நிறுத்திவிட்டு வாய் நோய் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டிவரும்.

ஓ.பி.ஜி. எடுக்கறப்போ தோடு, தாலி எல்லாம் கழட்டோணுங்களா?

தோடு, மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி, கொண்டை ஊசி, கண்ணாடி, காதுக் கருவி, கழற்றும் பல்செட் எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு காதுத் தோடு தன் இடத்தில் வெள்ளையாக விழுவதோடு, எதிர்ப்பக்கத் தாடையில் கொஞ்சம் மேலே மங்கலான இரட்டை நிழலாகவும் விழும். அந்த நிழல் கடவாய்ப் பல் வேர்மேல் விழுந்தால் அந்த இடம் வாசிக்க முடியாமல் போகும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் போதும். தொங்கும் தாலி தடை இல்லை, பின்கழுத்தில் கிடக்கும் கொடிதான் கதிரின் வழியில் வருகிறது. கொடியைத் தளர்த்தி முதுகுப் பக்கம் கீழே இறக்கிவிடலாம். மஞ்சள் கயிறு என்றால் அந்தக் கவலையும் இல்லை. ஆர்.வி.ஜி.க்கு இவ்வளவு தேவையில்லை. மேல் முன்பல்லுக்கு மூக்குத்தியும் கண்ணாடியும் மட்டும் இடைஞ்சல்.

நிற்கும்போது கழுத்தையும் முதுகையும் நிமிர்த்துங்கள். முன்பற்களைக் கடிகட்டையின் பள்ளத்தில் வைத்து, உதட்டை மூடி, நாக்கு முழுவதையும் அண்ணத்தில் அழுத்தி வையுங்கள். நாக்கை மறந்துவிட்டால் மேல்வரிசை வேர்களுக்கு மேலே கறுப்புப் பட்டை ஓடும், திரும்ப எடுக்கவைப்பது பெரும்பாலும் இதுதான். மெஷின் சுற்றும் 12 முதல் 18 வினாடி எச்சில்கூட விழுங்க வேண்டாம். முகவாய் தாழ்ந்தால் பல்வரிசை அளவுக்கு மீறிச் சிரிப்பதுபோல் வளையும், உயர்ந்தால் தட்டையாகவோ கவிழ்ந்தோ போகும்.

ஒரே பல்லுக்கு ரெண்டு தடவை எடுத்தாங்க. ஏனுங்க?

காரணம் படத்திலேயே இருக்கும். பல் நீண்டு தெரிந்தால் குழாயின் சாய்வு போதவில்லை, குட்டையாகத் தெரிந்தால் சாய்வு அதிகம். இரண்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிந்தால் பக்கக் கோணம் தவறு, அப்படிப்பட்ட படத்தில் இடுக்குச் சொத்தையைத் தேடுவது வீண். ஓரத்தில் வளைவாக வெள்ளைத் துண்டு இருந்தால் கதிர் அந்த இடத்தில் விழவே இல்லை. வேர் நுனி வெட்டுப்பட்டிருந்தால் சென்சார் ஆழமாக இறங்கவில்லை. பி.எஸ்.பி. பிளேட்டில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் பிளேட் கீறல்பட்டது, மாற்ற வேண்டிய காலம். ஹோல்டர் வைத்து, சென்சாரும் பல்லும் இணையாக நிற்க எடுத்தால் இவற்றில் பாதி வராது.

ஒருமுறை திரும்ப எடுப்பது சகஜம். மூன்றாவது முறைக்கு வந்தால் கோணத்தை மாற்றாமல் அதையே செய்கிறார்களா என்று கேட்கலாம், தப்பில்லை.

ரூட் கேனலுக்கு நாலஞ்சு படம் எடுக்கறாங்க. காசுக்குன்னு பண்றாங்களா?

இல்லை. தொடங்குமுன் ஒன்று. உள்ளே ஊசி வைத்து நீளம் பார்க்க ஒன்று: வேர் நுனிக்கு 0.5 முதல் 1 மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும், தாண்டினால் எலும்பைக் குத்தும், குறைந்தால் கிருமி மிஞ்சும். நிரப்பும் கூம்பு நுனிவரை போகிறதா என்று ஒன்று, முடிந்ததும் ஒன்று. நீளம் காட்டும் எலெக்ட்ரானிக் கருவி இருந்தால் இரண்டாவது படத்தைச் சில சமயம் தவிர்க்கலாம். கடவாய்ப் பல்லில் குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று எடுப்பதும் உண்டு. எக்ஸ்ரே என்பது சுவரில் விழும் கை நிழல்தான், முன்விரலும் பின்விரலும் ஒன்றாகவே விழும். குழாய் நகர்ந்தால் நாக்குப் பக்க வேர் குழாய் போன திசையிலும் கன்னப் பக்க வேர் எதிர்த் திசையிலும் விலகும்.

முடித்த பிறகும் வேர் நுனியில் கறுப்பு இருந்தால் பதற வேண்டாம். எலும்பு நிரம்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு 4 ஆண்டு வரைகூட. ஓர் ஆண்டு கழித்து ஒரு படம் எடுத்து, கறுப்பு சுருங்கியிருக்கிறதா என்று பழைய படத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். அதற்காகவே பழைய படம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

திரையில கறுப்பாத் தெரியறதெல்லாம் சொத்தைங்களா?

இல்லவே இல்லை. பல்லின் கழுத்துப் பகுதியில், எனாமலுக்கும் எலும்புக்கும் நடுவே, கதிர் எளிதில் ஊடுருவுவதால் கறுப்பு விழும். கருவியால் தடவினால் அங்கே பல் வழுவழுவென்றே இருக்கும். கீழ்ச் சிறுகடவாய்ப் பல் வேருக்கு அருகே நரம்பு வெளிவரும் துளை உருண்டையாகக் கறுத்து, சீழ்போலவே ஏமாற்றும். கோணம் மாற்றி எடுத்தால் அது வேரைவிட்டு விலகும், குளிர்ச் சோதனையில் பல்லும் உயிரோடு இருக்கும். மேல் கடவாய்ப் பல்லுக்கு மேலே பெரிய கறுப்பு என்றால் அது சைனஸ் காற்றறை. பழைய பல்நிறப் பூச்சுகளில் சிலவும் கறுப்பாகவே விழும்.

திரையில் பெரிதாக்கிக் காட்டி "பாருங்க, ஓட்டை" என்றால், "வாய்க்குள்ள அந்த இடத்தைக் காட்டுங்க" என்று கேளுங்கள். இடுக்குச் சொத்தை என்றால் காட்ட முடியாது, உண்மைதான். மற்ற இடமென்றால் காட்ட முடிய வேண்டும்.

போர்த் தண்ணி குடிச்சுப் பல்லு பழுப்பாயிருச்சு. எக்ஸ்ரே எடுக்கோணுங்களா?

நிறத்துக்காக வேண்டாம். சேலம், தருமபுரிப் பக்கம் நிலத்தடி நீரில் புளோரைடு கூடுதலான இடங்கள் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ 8 வயது வரை, குடித்தால் எனாமலில் கறை படியும். அந்தக் கறை எக்ஸ்ரேயில் தெரியாது. எனாமல் பெயர்ந்து குழியாகியிருந்தாலோ வலித்தாலோ மட்டும் படம் எடுக்கலாம்.

சின்னக் குழந்தைக்கு எடுக்கலாமுங்களா? எத்தனை மாசத்துக்கு ஒருக்கா?

எடுக்கலாம். சின்ன அளவுச் சென்சார், குறைந்த நேரம். பெரியவருக்கு வைத்த நேரத்தை மெஷினில் மாற்றினார்களா என்று கேளுங்கள். தேதி வைத்து எடுக்கும் விஷயமல்ல இது. சொத்தை அதிகம் வரும் குழந்தைக்கு 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு பைட்விங், சொத்தையே இல்லாத குழந்தைக்கு 12 முதல் 24 மாதம், சொத்தையில்லாத பெரியவருக்கு 24 முதல் 36 மாதம் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டல். பற்களுக்கு நடுவே சந்து விட்டு, எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தால் அதுவும் வேண்டாம்.

அம்மிச்சிக்கு நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. எடுக்கலாமா?

எடுக்கலாம். பல் எக்ஸ்ரே பேஸ்மேக்கரைப் பாதிக்காது. நிற்க முடியாதவர் என்றால் உட்கார்ந்து எடுக்கும் ஓ.பி.ஜி. மெஷின் இருக்கிறதா என்று போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள். கை நடுக்கம் இருந்தால் ஆர்.வி.ஜி.யே மேல், நேரம் குறைவு.

இம்ப்ளாண்ட் வெக்க சி.பி.சி.டி. கட்டாயமுங்களா? ஓ.பி.ஜி. போதாதுங்களா?

ஓ.பி.ஜி.யில் உருவம் பொதுவாக 20 முதல் 30 சதவீதம் பெரிதாகும், இடத்துக்கு இடம் வேறுபடும், எலும்பின் அகலமும் தெரியாது. கீழ்த்தாடையில் ஓடும் நரம்புக்கு மேலே 2 மில்லிமீட்டராவது விட்டு இம்ப்ளாண்ட், அதாவது எலும்பில் பதிக்கும் செயற்கை வேர், நிறுத்த வேண்டும். அதை நம்பி அளக்க முப்பரிமாணப் படம் வேண்டும். ஞானப்பல்லுக்கு அப்படியில்லை: முதலில் ஓ.பி.ஜி. போதும். நரம்புக் குழாயின் வெள்ளைக் கோடு வேரைத் தாண்டுமிடத்தில் அறுந்தோ, குழாய் வளைந்தோ, வேர் அங்கே கறுத்தோ இருந்தால் மட்டும் சி.பி.சி.டி. எடுத்தால் சரி.

எடுத்தால் தேவையான பகுதிக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பல்லுக்கு 5 சென்டிமீட்டர் பரப்பு போதும்போது முழு மண்டையையும் எடுப்பதில் கதிர்தான் கூடும், தெளிவு கூடாது. ரூட் கேனல் செய்து உலோக ஆணி வைத்த பல்லில் விரிசல் தேட இதை நம்ப வேண்டாம். உலோகத்தைச் சுற்றிக் கறுப்புக் கீற்றுகள் விழுந்து விரிசல்போலவே தெரியும்.

எல்லார் வாய்க்குள்ளயும் ஒரே சென்சாருங்களே, நோய் ஒட்டாதா?

சென்சாரை ஆவியில் வேகவைக்க முடியாது, கெட்டுவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் புதுப் பிளாஸ்டிக் உறை, உறை கழற்றியதும் கிருமிநாசினித் துடைப்பு. ஹோல்டரை ஆட்டோகிளேவில் (ஆவியில் கிருமி நீக்கும் கருவியில்) போட வேண்டும். உறை கிழிந்ததா என்று பார்ப்பது உங்கள் கண்ணெதிரே நடக்கிற வேலைதான்.

படத்தை வாட்ஸ்அப்புல அனுப்பிட்டாங்க. அது போதுங்களா?

திரையைப் போனில் படமெடுத்து அனுப்பியதில் கோடு கோடாக நெளியும், அதை வைத்து இடுக்குச் சொத்தையை முடிவு செய்ய முடியாது. மூலக் கோப்பையே "டாக்குமென்ட்" வழியாக அனுப்பச் சொல்லுங்கள், தரம் குறையாது. சி.பி.சி.டி. என்றால் டைகாம் கோப்பு (மருத்துவப் படங்களின் மூல வடிவம்) முழுவதையும் பென் டிரைவிலோ லிங்க்கிலோ வாங்குங்கள். அச்சிட்ட தாள் மட்டும் கொடுத்தால் அடுத்த டாக்டர் திருப்பிப் பார்க்க வழியில்லை, மறுபடி எடுக்கச் சொல்வார். திருச்செங்கோட்டுக்கோ குமாரபாளையத்துக்கோ பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவதானாலும் கோப்பை எடுத்துப் போங்கள்.

பெயர், தேதி, பல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 36 என்றால் கீழ் இடப்பக்க முதல் பெரிய கடவாய்ப் பல், 46 என்றால் வலப்பக்கத்தது, பால்பல் 51இல் தொடங்கும். படத்தில் இடக்கைப் பக்கம் தெரிவது உங்கள் வலப்பக்கம்.

கிளினிக்குல எக்ஸ்ரே மெஷினுக்கு ஏதாச்சும் லைசென்ஸ் உண்டுங்களா?

உண்டு. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், ஏ.இ.ஆர்.பி., ஒப்புதல் கொடுத்த மாடலாக இருக்க வேண்டும். வாரியத்தின் இலோரா இணையதளத்தில் மெஷினைப் பதிவு செய்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனையும் உண்டு. பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

எடுப்பவர் உங்களைவிட்டு 2 மீட்டர் தள்ளியோ தடுப்புக்குப் பின்னாலோ நிற்க வேண்டும். ஊழியர் யாரும் சென்சாரைக் கையில் பிடிக்கக் கூடாது, குழந்தைக்குத் தேவைப்பட்டால் பெற்றவர் ஏப்ரன் போட்டுக்கொண்டு பிடிக்கலாம். முகாம்களில் கையில் பிடித்து எடுக்கும் மெஷின் வந்தால், குழாயின் முன்னால் வட்டத் தடுப்பு மாட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களை முதலில் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.